மலைக்கோட்டை டு ஸ்ரீரங்கம்... குடும்பத்தோடு போனால் பிள்ளைகளுக்குச் சொல்ல மறக்கக்கூடாத ஒரு சுவர்!

திருச்சிக்குக் குடும்பத்தோடு போகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காலையில் ஸ்ரீரங்கம், அடுத்து திருவானைக்காவல், அங்கே ஒரு நெய் தோசை. வெயில் தாழ்ந்ததும் மலைக்கோட்டை, இருட்டியதும் வண்டியைக் கிளப்பிவிடலாம். மூன்று தரிசனமும் நல்லபடியாக முடிந்த திருப்தி பெரியவர்களுக்கு. ஆனால், பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம், "திருச்சியில என்ன பார்த்தே?" என்று மறுநாள் கேட்டால், "நிறைய படி ஏறினோம், கால் சுட்டுச்சு" என்பதைத் தாண்டிப் பதில் வராது.

அது பிள்ளைகளின் குற்றமில்லை. திருச்சியை நாம் கோயில்களாக மட்டுமே பார்க்கிறோம். பல்லவர், பாண்டியர், நாயக்கர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என அத்தனை பேரும் குறிவைத்த ஒரு கோட்டை நகரம் அது. 1801-ம் ஆண்டு ஜூன் 16 அன்று, இந்தக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட ஓர் அறிவிப்பு, ஆங்கிலேயருக்கு எதிராக எல்லோரையும் ஒன்றுசேரச் சொன்னது. அந்தச் சுவர்களைக் கடந்துதான் நாம் வரிசையில் நிற்கப் போகிறோம்.

பல்கேரியா நாட்டில் கோப்ரிவ்ஷ்டிட்சா என்றொரு சின்ன மலை நகரம் இருக்கிறது. துருக்கியரின் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக 1876 ஏப்ரலில் எழுந்த கிளர்ச்சி வெடித்த ஊர். கிளர்ச்சியின் முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாகச் சொல்லப்படும் சிறிய கல் பாலம் இன்றும் அப்படியே நிற்கிறது. கிளர்ச்சிக்காரர்கள் வாழ்ந்த வண்ண வண்ண வீடுகளை அருங்காட்சியகங்களாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே போகும் குடும்பங்கள் தவறாமல் பார்க்கும் இடம் அந்தப் பாலம்தான். நம் ஊர்ச் சுவரில் அறிவிப்பு ஒட்டப்பட்டது அதற்கும் 75 ஆண்டுகளுக்கு முன்பு. நம் பிள்ளைகளுக்கு அந்தச் சுவரை யார் காட்டுவது?

இந்த விடுமுறையில் திருச்சி போவதாக இருந்தால், ஒரு நாளை இரண்டு நாளாக்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் மலைக்கோட்டை, இரண்டாம் நாள் தீவு. எங்கே என்ன பார்க்கலாம், பிள்ளைகளுக்கு என்ன சொல்லலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

'புலிவார்டு' ரோட்டில் புலி இருந்ததா?

மலைக்கோட்டைக்குப் போகும் வழியிலேயே பிள்ளைகளுக்கு ஒரு விடுகதை போடலாம். கடைகளின் பெயர்ப் பலகைகளில் 'மேலப்புலிவார்டு ரோடு', 'கீழப்புலிவார்டு ரோடு' என்று இருக்கும். புலிக்கும் அந்த ரோட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அகலமான நகரச் சாலையைக் குறிக்கும் 'புல்வார்டு' என்ற அந்நியச் சொல்தான் நம் ஊர் வாயில் விழுந்து புலியாகிவிட்டது.

ஒரு காலத்தில் மலையைச் சுற்றிப் பெரிய மதிலும், மதிலைச் சுற்றி அகழியும் இருந்தன. 19-ம் நூற்றாண்டில் ஊர் பெருகியபோது மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, சாலைகள் வந்தன. மிச்சமிருக்கும் கோட்டை வாசல்தான் எல்லோரும் சொல்லும் 'மெயின் கார்டு கேட்'. தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் அந்த வாசலில் இரண்டு நிமிடம் நின்று, "இதுக்கு உள்ளே இருக்கிறதெல்லாம் கோட்டை" என்று காட்டிவிட்டால் போதும். அதன் பிறகு தெப்பக்குளம், நந்தி கோயில் தெரு, சின்னக்கடை வீதி, பெரிய கடை வீதி எல்லாமே பிள்ளைகளுக்கு வேறு மாதிரி தெரியும். துணி எடுக்கவும் நகை வாங்கவும் வந்த இடம், நாயக்கர் காலத்துத் தலைநகரின் நடுப்பகுதி அல்லவா!

தெப்பக்குளத்தைச் சுற்றியே ஒரு நடை போகலாம். கரையில் ராபர்ட் கிளைவ் தங்கியதாகச் சொல்லப்படும் வீடு இருக்கிறது. பக்கத்தில் ஊசிக் கோபுரத்தோடு லூர்து மாதா ஆலயம். 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு இடம் மாறிய செயின்ட் ஜோசப் கல்லூரியும் அங்கேயே. அப்துல் கலாம் படித்த கல்லூரி என்று சொன்னால் பிள்ளைகள் இன்னும் ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்கள்.

படி ஏறும்போது சொல்ல மூன்று கதைகள்

மலைக்கோட்டை 83 மீட்டர் உயரம். உச்சி வரை ஏறத்தாழ 400 படிகள். இந்தப் பாறையின் வயதுக்கு முன்னால் இமயமலை ஒரு குழந்தை. இமயமலை எழும்பத் தொடங்கியே சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்தப் பாறை அதைவிடப் பல மடங்கு மூத்தது.

அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், மேலே உச்சிப் பிள்ளையார். படியின் பெரும்பகுதி கூரைக்குள்ளேயே போவதால் தாயுமானவர் சந்நிதி வரை வெயில் தெரியாது. கடைசிப் பகுதி திறந்தவெளிப் பாறை. செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பதால், நண்பகலில் ஏறினால் பாதம் கொப்பளித்துவிடும். காலை ஏழு மணி அல்லது மாலை ஐந்து மணிதான் சரியான நேரம்.

முட்டி வலி உள்ள பெரியவர்கள் உச்சி வரை போயே ஆக வேண்டும் என்று இல்லை. தாயுமானவர் சந்நிதியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் முடியாதவர்களுக்கு அடிவாரத்து மாணிக்க விநாயகர் இருக்கிறார். "பாட்டி, நீ இங்கேயே உட்காரு, நாங்க போயிட்டு வந்து கதை சொல்றோம்" என்று பேரப்பிள்ளைகள் சொல்லட்டும். கீழே இறங்கி வந்து பாட்டிக்குச் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு இருந்தால், மேலே எல்லாவற்றையும் கவனித்துப் பார்ப்பார்கள்.

முதல் கதை, தாயுமானவர். ரத்னாவதி என்ற கர்ப்பிணிக்குப் பிரசவம் பார்க்க அவள் அம்மா கிளம்பி வருகிறாள். காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். வலியில் துடித்த மகளுக்கு, அம்மாவின் உருவத்திலேயே சிவபெருமான் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து சேர்ந்தபோதுதான் விஷயம் தெரிந்ததாம். சுகப்பிரசவம் வேண்டி இங்கே வாழைத்தார் சாத்தும் வழக்கம் இன்றும் உண்டு. உங்கள் குடும்பத்திலும் யாருக்காவது அப்படி வேண்டிக்கொண்டிருக்கலாம். பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கதையைப் பலர் தவறவிடுகிறார்கள். தாயுமானவர் சந்நிதியிலிருந்து உச்சிக்கு ஏறும் வழியில், பாறையைக் குடைந்து செய்த ஒரு குகைக்கோயில் இருக்கிறது. 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் செய்தது. கங்கையைத் தன் சடையில் தாங்கும் கங்காதரராகச் சிவன் அங்கே நிற்கிறார். பக்கத்தில் உள்ள வடமொழிக் கல்வெட்டில் ஒரு சுவையான கற்பனை இருக்கிறது. நதிகள் மேல் பிரியம் கொண்ட சிவன், கண்ணுக்கு இனிய இந்தக் காவிரியைப் பார்த்து மயங்கிவிடுவாரோ என்று பார்வதிக்குப் பயமாம். அதனால் பிறந்த வீட்டை விட்டுவிட்டு இந்த மலையிலேயே நிரந்தரமாகக் குடியேறி, 'காவிரி பல்லவ மன்னனின் மனைவியாக்கும்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்! 1,400 ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைத்த குடும்பக் குறும்பு இது. 'நிலத்தில் இருக்கும் கோயிலில் நின்றால் சோழ நாட்டையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது?' என்று சிவன் கேட்டதால்தான் மலை மேல் கோயில் எடுத்தானாம் மன்னன். அதே கல்வெட்டுகள் சொல்வது அது. அடிவாரத்தில் பாண்டியர் காலத்துக் குகைக்கோயில் ஒன்றும் உண்டு. அங்கே சிவனுக்கும் திருமாலுக்கும் எதிரெதிரே சந்நிதி.

மூன்றாவது கதை உச்சியில். ராமர் தந்த ரங்கநாதர் திருமேனியை இலங்கைக்குக் கொண்டு போகிறான் விபீஷணன். கீழே வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. காவிரிக் கரையில் அனுஷ்டானம் செய்ய வேண்டியிருந்ததால், அங்கே நின்ற சிறுவனிடம் கொடுக்கிறான். அந்தச் சிறுவன் பிள்ளையார். அவர் கீழே வைத்துவிட, ரங்கநாதர் அங்கேயே நிலைத்துவிட்டார். கோபத்தில் துரத்திய விபீஷணன், மலை உச்சியில் பிள்ளையார் தலையில் குட்டிவிட்டானாம். அந்த வடு இன்னும் உச்சிப் பிள்ளையார் நெற்றியில் இருப்பதாக நம்பிக்கை. மறுநாள் ஸ்ரீரங்கம் போகும்போது, ரங்கநாதர் ஏன் தெற்கே இலங்கையைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்று பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள்.

உச்சியிலிருந்து ஒரு போர்க்களம்

மேலே காற்று வாங்க உட்கார்ந்ததும், செல்ஃபிக்கு முன்பாக வடக்கே பார்க்கச் சொல்லுங்கள். முதலில் காவிரி, அதற்கு அப்பால் கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே தென்னந்தோப்புகளும் கோபுரங்களுமாக ஸ்ரீரங்கம் தீவு.

1751-ல் இந்தக் கோட்டைக்குள் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலி இருந்தார்; அவருக்கு ஆங்கிலேயர் துணை. வெளியே சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் முற்றுகை. முற்றுகையைத் தளர்த்தத்தான் கிளைவ் ஆற்காட்டைப் போய்ப் பிடித்தார். அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழானது. பின்வாங்கிய பிரெஞ்சுப் படை ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள், கோயில் மதில்களுக்குள் அடைக்கலம் புகுந்தது. 1752 ஜூனில் அங்கேயே சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர் கை ஓங்குமா, ஆங்கிலேயர் கை ஓங்குமா என்ற போட்டியில் பெரிய திருப்பம், இந்த உச்சியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்தான் நடந்தது. எட்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் 'கர்நாடகப் போர்கள்' என்று மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு, இந்த ஒரு பார்வை பத்து பக்கத்துக்குச் சமம்.

அந்தச் சுவர்

மலையை விட்டு இறங்கியதும் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 'ராணி மங்கம்மாள் மஹால்' என்று அழைக்கப்படும் நாயக்கர் காலத்து தர்பார் மண்டபத்தில்தான் அது இயங்குகிறது. நாயக்கருக்குப் பிறகு நவாபுகள், அவர்களுக்குப் பிறகு கம்பெனி என்று அதிகாரம் கை மாறிய வளாகம் இது.

இந்தக் கோட்டையில், நவாபின் அரண்மனைச் சுவரில்தான் 1801 ஜூன் 16 அன்று சின்ன மருது பாண்டியரின் அறிவிப்பு ஒட்டப்பட்டது. இன்னொரு பிரதி ஸ்ரீரங்கம் கோயில் மதிலில். அப்போது சிவகங்கைச் சீமையில் ஆங்கிலேயருக்கு எதிரான போர் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அறிவிப்பு சிவகங்கைக்காரர்களை மட்டும் கூப்பிடவில்லை. 'ஜம்புத் தீவு' என்ற பழைய பெயரால் நாடு முழுவதையும் விளித்தது. பிராமணர் முதல் எல்லா வருணத்தாரையும், முஸ்லிம்களையும் பெயர் சொல்லி அழைத்தது. நவாப் அறியாமல் இடம் கொடுத்ததால் ஐரோப்பியர் வஞ்சகமாக ஆட்சியைப் பிடித்துக்கொண்டார்கள் என்றது. நமக்குள் ஒற்றுமை இல்லாததே இதற்குக் காரணம் என்றும் சொன்னது.

இதைப் பார்க்கிறவர்கள் கவனமாகப் படித்து மற்றவர்களுக்கும் பரப்ப வேண்டும் என்றும், சுவரிலிருந்து கிழிப்பவர்களைப் பெரும் பாவம் சேரும் என்றும் அதில் எழுதியிருந்தது. 'உடனே பத்து பேருக்கு அனுப்பவும்' என்று வாட்ஸ்அப்பில் வரும் மெசேஜ்களைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகளுக்கு, இது சட்டென்று புரியும். ஒரே ஒரு வித்தியாசம், அன்று இதைப் பரப்பியவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பரப்பினார்கள்.

அடுத்த மாதக் கடைசியில், ஓர் உடன்படிக்கை மூலம் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. 1801 அக்டோபர் 24 அன்று பெரிய மருதுவும் சின்ன மருதுவும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி, இன்றைய கணக்குக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கிற வயது. அவரையும் சேர்த்து எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தியது கம்பெனி. வேலூர்க் கோட்டைப் புரட்சிக்கு ஐந்து ஆண்டுகள் முந்தையது இது. 1857-க்கு 56 ஆண்டுகள் முந்தையது. வரலாற்றாசிரியர் கே.ராஜய்யன் இதைத் தன் நூலில் முதல் சுதந்திரப் போர் என்றே எழுதினார்.

ஆற்றைக் கடந்து...

இரண்டாம் நாள் ஸ்ரீரங்கம். காரை விட்டுவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் 1-ம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். காவிரிப் பாலத்தின் மேல் போகும்போது திரும்பிப் பார்த்தால் மலைக்கோட்டை முழுசாகத் தெரியும்.

ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது, அம்மா அப்பாவின் தலைமுறைக்கு ஒரு கேள்வி: 'மொட்டைக் கோபுரம்' நினைவிருக்கிறதா? 16-ம் நூற்றாண்டில் தொடங்கி, பாதியில் நின்றுபோய், நானூறு ஆண்டுகளுக்கு மேல் மொட்டையாகவே நின்றது இது. அகோபில மடத்தின் 44-வது ஜீயர் முயற்சியில் வேலை மீண்டும் தொடங்கி, 1987 மார்ச் 25 அன்று கும்பாபிஷேகம் நடந்தது. 13 நிலை, 236 அடி. இளையராஜா உட்படப் பலர் ஆளுக்கொரு நிலைக்கு உதவினார்கள். மூத்த தலைமுறை உள்ளூர்க்காரர்கள் மொட்டைக் கோபுரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் காலத்து போட்டோ இருந்தால் போகும் முன் தேடி எடுங்கள்.

கோயிலுக்கு ஏழு சுற்று. வெளிச்சுற்றுகள் மக்கள் வாழும் தெருக்கள். சித்திரை வீதி, உத்திர வீதி என்று பெயர் சொல்லும் அந்தத் தெருக்களில் ஸ்கூல் பஸ் வரும், கோலம் இருக்கும், தேரும் வரும். எழுத்தாளர் சுஜாதா வளர்ந்ததும், அவருடைய 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' நடமாடியதும் இங்கேதான். பழைய திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவருகின்றன. இருப்பவற்றைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குடியிருக்கும் வீடுகள் என்பதால், கேட்காமல் வாசலில் ஏறி போட்டோ எடுக்க வேண்டாம்.

உள்ளே, குதிரை வீரர்கள் பாயும் சேஷராயர் மண்டபத்தைப் பிள்ளைகள் விட மாட்டார்கள். கிழக்கே வெள்ளைக் கோபுரம். 1323-ல் டெல்லி சுல்தானின் படை வந்தபோது, படைத்தலைவனை அந்தக் கோபுரத்தின் மேல் அழைத்துப்போய்த் தள்ளிவிட்டு, தானும் குதித்து உயிர்விட்டாள் வெள்ளையம்மாள் என்ற பெண் என்பது வழிவழியாக வரும் கதை. உற்சவரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள் அடியார்கள். அவர் திரும்பி வந்தது 1371-ல், 48 ஆண்டுகள் கழித்து. பெருமாளே தன் வீட்டுக்குத் திரும்ப அரை நூற்றாண்டு காத்திருந்த ஊர் இது!

கிளம்பும் முன்...

* மூன்று கோயில்களிலும் நடுப்பகலில் நடை சாத்தும் நேரம் உண்டு, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தை அருங்காட்சியகத்துக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.
* மார்கழியில், குறிப்பாக வைகுண்ட ஏகாதசி நாள்களில், ஸ்ரீரங்கத்தில் கூட்டம் அலைமோதும். சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் வேறு நாள் போவது நல்லது.
* திருவானைக்காவலில் லிங்கத்தைச் சுற்றி எப்போதும் ஊற்று நீர் கசிந்தபடி இருக்கும். உச்சிக்காலத்தில் அர்ச்சகர் சேலை அணிந்து, அகிலாண்டேஸ்வரியாகவே வந்து பூஜை செய்வதைப் பார்க்க முடிந்தால் விடாதீர்கள். சர் சி.வி.ராமன் 1888-ல் பிறந்த ஊர் இதுதான் என்பதையும் சொல்லுங்கள்.
* பிள்ளைகள் கையில் ஒரு சின்ன நோட்டுக் கொடுங்கள். சந்நிதிகளில் போன் எடுக்க முடியாதபோது, பார்த்ததை எழுதவோ வரையவோ அது உதவும்.

ஸ்ரீரங்கம் கோயிலை விட்டு வெளியே வரும்போது, ஏதாவது ஒரு மதில் ஓரமாகப் பிள்ளைகளை நிறுத்தி, 1801-ல் இங்கே ஒட்டியிருந்த அறிவிப்பைப் பற்றி இரண்டு வரி சொல்லுங்கள். பிறகு, அவர்களிடமே ஒரு வேலை கொடுங்கள்: பள்ளிக்கூடம் திறந்ததும் பக்கத்தில் உட்காரும் ஒருவருக்காவது இதைச் சொல்ல வேண்டும். சுவரில் எழுதியிருந்ததும் அதைத்தான்.